பாடும் பறவைப் பெட்டி: ஊமையான குருவியைப் பாட வைக்கலாமா, அப்படியே விடலாமா?

#1 சுருள்வில் (திருச்சி)

வணக்கம் நண்பர்களே. எங்கள் பெரியப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அறுபதுகளில் ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய ஒரு பெட்டி இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. நீளம் 10 செ.மீ. இருக்கும். பித்தளையில் தங்க முலாம், நான்கு பக்கமும் புடைப்பு வேலை. மேலே முட்டை வடிவத்தில் ஒரு குட்டி மூடி. முன்னால் உள்ள விசையைத் தள்ளினால் மூடி திறக்கும். படுத்திருக்கும் குருவி சட்டென்று எழுந்து நிற்கும். இப்படியும் அப்படியும் திரும்பும், அலகைத் திறந்து மூடும், வாலை ஆட்டும், இறக்கை அடிக்கும். ஓர் அங்குலம்கூட இல்லாத குருவி. கடைசியில் தானே மடங்கிப் படுத்துக்கொள்ளும், மூடியும் விழுந்துவிடும்.

எல்லாம் நடக்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை. "உஸ்ஸ்" என்று காற்றுதான் வருகிறது. நடுவில் எங்கோ ஒரு கீச்சு. பெரியம்மா சொல்கிறார், பெரியப்பா இருந்த காலத்தில் தெருவே திரும்பிப் பார்க்குமாம்.

சாவியின் கைப்பிடியில் கே, ஜி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். எங்கள் ஊர் கடிகாரக்காரர் "கழற்றி எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் தம்பி" என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் இன்னொரு கட்சியும் இருக்கிறது: "பெரியப்பா தொட்ட பொருள், எவன் கையிலும் கொடுத்துக் கெடுக்காதே, ஷோகேஸில் வை" என்று. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 பழம்பொறி (சென்னை)

தம்பி, முதல் வேலையாக அந்த எண்ணெய்க் குப்பியைத் தடுத்து நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்களிடம் இருப்பது கார்ல் கிரீஸ்பாம் பட்டறையின் பெட்டி. ஜெர்மனியில் கருங்காடு மலைப்பகுதியில் ட்ரிபெர்க் என்ற ஊர். 1905-இல் தொடங்கி 1988 வரை அங்கே பறவைப் பெட்டி செய்தார்கள். சாவியில் உள்ளது அவர் பெயரின் முதலெழுத்துகள்.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். குருவி ஆடுகிறது, நேரத்துக்கு எழுகிறது, நேரத்துக்குப் படுக்கிறது என்றால் ஸ்பிரிங், பல்சக்கரம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் விசிறி எல்லாம் நலமாக இருக்கின்றன. காற்று எங்கோ கசிகிறது. பத்துக்கு ஒன்பது பெட்டிகளில் இந்த நோய் துருத்தியில்தான். உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய துருத்தி ஒன்று இருக்கும். அதன் மடிப்புகள் மாட்டுக்குடலின் மெல்லிய சவ்வு. தங்க ரேக்கு அடிப்பவர்கள் தகடுகளுக்கு இடையில் வைப்பார்களே, அந்த வகைச் சவ்வு. அரை நூற்றாண்டில் அது காய்ந்து மடிப்பில் விண்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம்.

எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? சவ்வில் ஊறி அதை முழுக்க நாசமாக்கும். அதைவிடக் கொடுமை, விசில் குழலுக்குள் ஓடும் பிஸ்டனில் படும். அந்தப் பிஸ்டன் காய்ந்த நிலையில் வழுக்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு துளி எண்ணெய் போதும், தூசியோடு சேர்ந்து பசையாகி அங்கேயே நின்றுவிடும். பிறகு பாட்டு எல்லாம் ஒரே சுருதியில்தான்.

#3 சிறகன் (கோயம்புத்தூர்)

நான் பறவை பார்க்கிறவன், கடிகாரம் தெரியாது. ஒரு கேள்வி. இது மியூசிக் பாக்ஸ் மாதிரிதானே? முள் பதித்த உருளை, சீப்புப் பற்கள், அதைத்தான் பறவைக் குரலில் வைத்திருக்கிறார்களா?

#4 பழம்பொறி (சென்னை)

இல்லை சிறகன். சீப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தப் பெட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் செரினெட் என்று ஒரு கைப்பிடி ஆர்கன் செய்தார்கள். கூண்டில் வளர்க்கும் கேனரிக் குருவிக்கு மெட்டு கற்றுக்கொடுக்க அது. வீட்டு அம்மா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஒரே மெட்டை வாசிப்பார், குருவி கேட்டுக் கேட்டுப் பாடும். 1751-இல் ஓவியர் ஷார்தேன் அந்தக் காட்சியையே வரைந்தார். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல். எட்டு சுரம் வேண்டுமா, எட்டுக் குழல். ஆரம்ப கால இயந்திரப் பறவைக் கூண்டுகளும் இதே ஏற்பாடுதான். கூண்டின் அடித்தளத்தில் குழல் வரிசையே இருக்கும். அதனால் உருவமும் பெரிது.

1780-களில் சுவிட்சர்லாந்தில் ழாக்கே-த்ரோ என்ற கடிகாரக் கலைஞரின் பட்டறையைச் சுற்றி இருந்தவர்கள் அந்தக் குழல் வரிசையைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு விசில் வைத்தார்கள். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டன் உள்ளே போனால் குழல் குறுகும், சுருதி ஏறும். வெளியே வந்தால் குழல் நீளும், சுருதி இறங்கும். ஒரு குழலே எல்லா சுரத்தையும் பாடிவிடுகிறது. இது வந்த பிறகுதான் பறவையைச் சட்டைப்பையில் போடும் பெட்டிக்குள் கொண்டுவர முடிந்தது.

பிஸ்டனை நகர்த்துவது யார்? ஒரே அச்சில் அடுக்கிய தட்டையான கேம்கள். வட்டத்தகட்டின் ஓரத்தை மேடும் பள்ளமுமாக அறுத்திருப்பார்கள். ஒரு கேம் பிஸ்டனின் இருப்பிடத்தைச் சொல்லும், அதாவது சுருதியை. இன்னொன்று காற்று வால்வைத் திறந்து மூடும்: எங்கே விட்டு விட்டுக் கொஞ்ச வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பதை. மற்றவை திரும்புவதற்கு, அலகுக்கு, வாலுக்கு. கீழே ஸ்பிரிங் டப்பா, அதிலிருந்து ஓடும் சக்கரங்கள் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்கும். பழைய ஜெனீவா பெட்டிகளில் ஸ்பிரிங் தளரத் தளர வேகம் குறையாதிருக்கக் கூம்பு உருளையும் சங்கிலியும்கூட இருக்கும், பாக்கெட் கடிகாரங்களில் இருப்பது போலவே.

#5 கமகம் (பெங்களூரு)

பழம்பொறி ஐயா, இந்தப் பிஸ்டன் விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் வயலின் வாசிப்பவள். மியூசிக் பாக்ஸ் பாட்டு எனக்கு எப்போதுமே பொம்மையாகத்தான் கேட்கும். பறவைப் பெட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். காரணம் இப்போது பிடிபடுகிறது. சீப்புப் பல்லுக்கு அடுத்த பல்லுக்குத் தாவத்தான் தெரியும். பிஸ்டனுக்கு இடையில் உள்ள இடமெல்லாம் வழி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகலாம், ஒரே இடத்தில் நடுங்கலாம், கீழே தொட்டு மேலே வரலாம். ஜாரு என்கிற இழுப்பு, கம்பிதம் என்கிற நடுக்கம் இரண்டும் அந்தக் கேமின் ஓரத்தில் அரத்தால் எழுதப்பட்டிருக்கின்றன.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒருபுறம் அடைத்த குழலில் எழும் அலை, குழலின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்தால், 4 செ.மீ. குழல் சுமார் 2,100 ஹெர்ட்ஸ் தரும். பிஸ்டன் பாதி உள்ளே போய் 2 செ.மீ. ஆனால் சுமார் 4,250. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 தான். அதாவது பிஸ்டனின் 2 செ.மீ. ஓட்டத்தில் முழுதாக ஒரு ஸ்தாயி அடங்கிவிடுகிறது. மேலே போகப் போக இடம் சுருங்கும்: உச்சத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காதுக்குத் தெரிகிற அளவு சுருதி விலகும். அரம் பிடித்தவரின் கை எப்படிப்பட்ட கை!

#6 சிறகன் (கோயம்புத்தூர்)

அந்த 2,000 முதல் 4,000 வரைதான் கேனரி பாட்டின் பெரும்பகுதியும் வரும். காது ஏமாறுவதில் வியப்பில்லை.

நான் இறகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பறவைப் பெட்டிகளில் உள்ள மினுமினுக்கும் பச்சையும் ஊதாவும் ஹம்மிங்பேர்டின் (ஓசனிச்சிட்டு) இறகுகள். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் பறவை அது, நம் தேன்சிட்டு வேறு குடும்பம். நிறமிச் சாயத்தில் வரும் மினுமினுப்பு இல்லை அது; இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் 200 வருடம் ஆனாலும் பெட்டிக்குள் மங்காமல் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தொப்பிக்காகவும் நகைக்காகவும் அந்தக் குருவிகளை மூட்டை மூட்டையாகக் கொன்றார்கள். இந்தப் பெட்டிகளின் அழகில் அந்த இரத்தமும் உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

இன்று ஹம்மிங்பேர்டுக் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆமையோட்டுப் பெட்டிகள் இன்னும் சிக்கல். அது அழுங்காமையின் ஓடு. சர்வதேச வணிகம் அறவே தடை, நம் நாட்டிலும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். சுருள்வில் நண்பரின் பெட்டி பித்தளை என்பதால் ஓட்டுப் பிரச்சினை இல்லை. ஆனாலும் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் குருவியின் இறகு என்ன என்று தெரிந்துகொண்டு, வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவிலோ சுங்கத்திலோ கேட்டுவிட்டு அனுப்புங்கள். இறகைப் புதிதாக மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

#7 யூரா (பேர்ண், சுவிஸ்)

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமாய் சுவிஸில. இந்தச் சாமான்கள் பிறந்த மலையடிவாரத்துக்குப் பக்கத்தில இருக்கிறபடியால் கொஞ்சம் சொல்லலாம் எண்டு வந்தனான்.

நொஷாத்தல் அருங்காட்சியகத்தில ழாக்கே-த்ரோவின்ர மூண்டு பொம்மைகள் இருக்கு. எழுதுற பெடியன், படம் வரையிற பெடியன், ஆர்கன் வாசிக்கிற பெண். 1768-க்கும் 1774-க்கும் இடையில பியேர் ழாக்கே-த்ரோ, மகன் ஆன்ரி-லூயி, அவையளோட வேலை செய்த லெஷோ மூண்டு பேருமாய்ச் செய்தது. மாசத்தில முதல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டுவினம். எழுதுற பெடியனைப் பாத்தால் நாற்பது எழுத்து வரைக்கும் நாங்கள் விரும்பினதை எழுத வைக்கலாம். சக்கரத்தில வில்லைகளை மாத்தினால் வசனம் மாறும். இறகுப் பேனாவை மையில தோய்ப்பான், உதறுவான், கண் எழுத்தின்ர பின்னாலயே போகும். ஏறத்தாழ 6,000 பாகம் அவனுக்குள்ள. வாசிக்கிற பெண் உண்மையா விரலால கட்டையை அமத்துறாள். அவள் மூச்சு விடுறதும் தெரியும், நெஞ்சு ஏறி இறங்கும். பக்கத்தில நிண்ட சின்னப்பிள்ளை ஒண்டு தாயின்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது.

நான் சொல்ல வந்தது இதுதான். இருநூற்றைம்பது வருசத்துச் சாமான், அதை அவை கண்ணாடிக்குள்ள பூட்டி வைக்கேல்லை, ஓட்டுகினம். 1906-இல எழுபத்தையாயிரம் தங்கப் பிராங்க் திரட்டி ஊருக்கெண்டு திருப்பி வாங்கினது, ஊர்ச் சனம் பாக்கிறதுக்குத்தானே. சுருள்வில், உங்கட பெரியப்பா அந்தக் குருவியை வாங்கினது அது பாடினபடியால். திருத்துங்கோ.

பறவைப் பெட்டிகளும் இந்த வீட்டிலயிருந்துதான் உலகத்துக்குப் போனது. லா ஷோ-த-ஃபோன், லண்டன், ஜெனீவா எண்டு மூண்டு இடத்தில பட்டறை வைச்சு, காண்டன் துறைமுகத்தால சீன அரண்மனை வரைக்கும் வித்தினம். லெஷோவோட வேலை செய்த ஃப்ரிசார், பிறகு ரோஷா சகோதரர்கள், புருகியே எண்டு ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர். பாரிஸில 1849-இல போன்தெம். பிறகுதான் ஜெர்மனியில கிரீஸ்பாம். 2020-இல சுவிஸும் பிரான்ஸும் சேர்ந்து கடிகாரத் தொழிலையும் இந்த இயந்திரக் கலையையும் யுனெஸ்கோ பட்டியலில சேர்ப்பிச்சினம். அதில பாடும் பறவையும் இருக்கு.

#8 மௌனம் (சிங்கப்பூர்)

நான் அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். இழையில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

ஓட்டினால் தேயும். பித்தளைக் கேமின் ஓரத்தில் எஃகு நெம்புகோலின் நுனி ஒவ்வொரு முறையும் உரசுகிறது. கமகம் சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு தேய்மானத்துக்கும் பொருந்தும். நொஷாத்தலில் மாதம் ஒரு முறை, அதற்கென்றே பழகியவர் ஓட்டுகிறார். இங்கிலாந்தின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் 1773-இல் செய்த வெள்ளி இயந்திர அன்னம் இருக்கிறது. அதையும் பல ஆண்டுகளாக நாளுக்கு ஒரே முறை, 40 வினாடி என்று கட்டுப்பாடாகத்தான் ஓட்டினார்கள். வீட்டில் அப்படி நடக்குமா? வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு தரம், குழந்தை கேட்டால் மூன்று தரம்.

அடுத்தது, பழுதுபார்ப்பு என்ற பெயரில் அழிப்பது. நான் பார்த்த பெட்டிகளில் துருத்தியை மாற்றியவர் அத்தோடு நிற்கவில்லை. முலாம் மங்கியிருக்கிறதே என்று மறுமுலாம் போட்டிருக்கிறார், அதற்காக மெருகேற்றியதில் புடைப்பு வேலையின் கூர்மை போயிருக்கிறது. குருவிக்குக் கோழி இறகைச் சாயம் தோய்த்து ஒட்டியிருக்கிறார். சவ்வை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, அடுத்தவர் பிரிக்கவே முடியாதபடி செய்திருக்கிறார். இதெல்லாம் நடந்த பிறகு பாடுகிற பெட்டியைவிட, எதுவும் நடக்காத ஊமைப் பெட்டி எனக்குப் பெரிது. அதில் செய்தவர் கை அப்படியே இருக்கிறது. நாளைக்கு இன்னும் நல்ல வழி தெரிந்தவர் வரலாம். அவருக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும்.

#9 கமகம் (பெங்களூரு)

மௌனம் சொல்வதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மைசூரில் திப்பு சுல்தானுக்காகச் செய்த புலி: வெள்ளைக்காரன் மேல் பாய்ந்திருக்கும் ஆளுயர மரப்பொம்மை, உள்ளே துருத்தியும் குழல்களும். கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை ஏறி இறங்கும், அலறுவான், புலி உறுமும். 1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப்போய்விட்டார்கள். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். புலியின் விலாவில் 18 கட்டைகள் கொண்ட ஆர்கன்கூட இருக்கிறது. அங்கே போன பிறகு பலர் கை வைத்திருக்கிறார்கள், இரண்டாம் உலகப்போரில் கூரை விழுந்து உடைந்து மறுபடி சேர்த்திருக்கிறார்கள். திப்பு கேட்ட உறுமல் எது, பின்னால் வந்தவர்கள் வைத்த உறுமல் எது என்று இன்று பிரித்தறிவது கடினம். எனக்கு அது வலிக்கிறது.

ஆனாலும், பாடாத வாத்தியம் வாத்தியமா என்ற கேள்வி இருக்கிறதே. வீணைக்குத் தந்தி மாற்றாமல் 100 வருடம் வைத்தால் அதைக் காப்பாற்றினோம் என்று நான் சொல்லமாட்டேன்.

#10 பழம்பொறி (சென்னை)

மௌனம் அவர்களே, நீங்கள் சொன்ன கொடுமைகள் அத்தனையும் நானும் பார்த்திருக்கிறேன். மறுமுலாமும் சாய இறகும் என் கண்ணில் பட்டாலே வயிறு எரியும். ஆனால் ஊமையாக வைப்பதே பாதுகாப்பு என்பதை ஏற்க மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

1928-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு குடும்பம் இயந்திரப் பொம்மை ஒன்றைக் கொடுத்தது. தீயில் கருகி, உதிரியாக வந்தது. செய்தவர் மேல்ஸெல் என்று அந்தக் குடும்பத்தில் நம்பிக்கை. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் பொறுமையாகப் பிரித்துச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார். பொம்மை பேனாவைப் பிடித்து நான்கு படம் வரைந்தது, மூன்று கவிதை எழுதியது. கடைசிக் கவிதையின் ஓரத்தில் பிரெஞ்சில் ஒரு வரி: "மையார்தேவின் தானியங்கி எழுதியது." தன்னைச் செய்தவர் யார் என்று அந்தப் பொம்மையே சொல்லிவிட்டது! ஆன்ரி மையார்தே 1800-ஐ ஒட்டிச் செய்தது அது. ஓட்டாமல் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் இன்றைக்கும் மேல்ஸெல் பெயர்ப்பலகைதான் அதன் கீழே இருக்கும். அதன் நினைவெல்லாம் கேம்களில் இருந்தது; ஓடினால்தான் அந்த நினைவு வெளியே வரும்.

பறவைப் பெட்டியும் அப்படியே. அந்தக் குருவி என்ன பாடியது என்பதற்குத் தாளில் எழுதிய சுரக்குறிப்பு கிடையாது. கேமின் ஓரம்தான் ஒரே பிரதி. ஆகவே என் கோடு எங்கே விழுகிறது என்றால், துருத்திச் சவ்வு தேய்ந்துபோகவென்றே வைத்த பொருள். செய்தவருக்கும் அது தெரியும், மாற்றுவார்கள் என்று தெரிந்தேதான் வைத்தார். அதைத் தாராளமாக மாற்றுங்கள். கேம் அப்படி இல்லை. "பாட்டு கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, இந்த மேட்டை லேசாக ராவிவிட்டால் சரியாகும்" என்று சொல்கிற ஆள் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ராவிய பித்தளை திரும்ப வராது. அந்தப் பாட்டு அன்றோடு முடிந்தது. கரகரப்பு கேமால் வருவதே இல்லை. காற்றழுத்தம் போதாமல் வருவது, அல்லது விசிலின் வாய் அழுக்கேறி வருவது.

தேய்மானம் பற்றி: உண்மைதான். அளவோடு ஓட்டுங்கள். ஆனால் ஓட்டாமலே வைத்தாலும் சவ்வு விறைக்கும், ஸ்பிரிங்கில் உள்ள பழைய கொழுப்பு கெட்டிப்படும். சும்மா இருப்பதும் ஒரு சேதம்.

#11 மௌனம் (சிங்கப்பூர்)

கேமைப் பற்றி நீங்கள் வரைந்த கோட்டில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மையார்தே பொம்மையைப் பொறுத்தவரை ஒன்று சேர்த்துச் சொல்வேன்: அது ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்தது, பதிவு செய்யப்பட்டது. ஓட்டியதால் மட்டும் தெரியவில்லை, ஓட்டும்போது எழுதி வைக்கிற ஒருவர் அருகில் இருந்ததால் தெரிந்தது.

எனவே சுருள்வில், செய்வதானால் என் நிபந்தனைகளோடு செய்யுங்கள். பிரிக்கும் முன் இப்போதிருக்கும் "உஸ்ஸ்" ஒலியோடு குருவி ஆடுவதைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு படியும் புகைப்படம். கேம் அடுக்கை நேர் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அளவுகோலோடு எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தாலும் பாட்டின் வடிவம் கையில் இருக்கும். கழற்றிய பழைய சவ்வைக் குப்பையில் போடாமல் தாள் உறையில் தேதி எழுதிப் பெட்டியோடே வையுங்கள். புதுச் சவ்வை வஜ்ஜிரம், மீன்பசை போல ஈரம் பட்டால் பிரியக்கூடிய பசையில்தான் ஒட்ட வேண்டும். முலாம் மங்கலாகவே இருக்கட்டும். பெரியப்பாவின் விரல் பட்டு மங்கிய இடம் அது.

#12 சுருள்வில் (திருச்சி)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. படித்ததை அப்படியே பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாட வைடா" என்று ஒரே வார்த்தை. ஆகவே திருத்துவது என்று முடிவு. முலாமும் இறகும் தொடப்போவதில்லை.

பழம்பொறி ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் ஊர் கடிகாரக்காரர் நல்ல மனிதர், சுவர்க்கடிகாரத்தில் கைதேர்ந்தவர். ஆர்மோனியம் துருத்தியும் சரிசெய்வாராம். அவரிடமே இந்தச் சவ்வு வேலையைக் கொடுக்கலாமா? இரண்டாவது, இதற்கு விலை என்ன இருக்கும் என்று உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். 2011-இல் ஹாங்காங் ஏலத்தில் பறவைத் துப்பாக்கி ஜோடி ஒன்று நாலரைக் கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனதாக எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

#13 பழம்பொறி (சென்னை)

அந்தத் துப்பாக்கி ஜோடி ரோஷா சகோதரர்கள் செய்ததாகக் கருதப்படுவது. தங்கம், எனாமல், முத்து, வைரம். விசையை இழுத்தால் குழல் வாயிலிருந்து குருவி எட்டிப் பார்த்துப் பாடும். அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கிரீஸ்பாம் பெட்டிகள் நிறையவே செய்யப்பட்டன, சந்தைக்கும் அடிக்கடி வருகின்றன. நல்ல பெட்டிதான், கோடி இல்லை. உறவினர்களிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ஆர்மோனியக்காரர் பற்றி: ஆர்மோனியத் துருத்திக்குப் போடும் தோலோ துணியோ இதற்கு ஆகாது. அந்தக் கனம் இருந்தால் இந்தக் குட்டி ஸ்பிரிங் அதை மடக்கவே திணறும், வேகம் விழும், பாட்டு இழுவையாகிவிடும். அவர் கைத்திறனில் குறை இல்லை, பொருள்தான் வேறு. ஸெஃபிர் தோல் என்ற பெயரில் இதற்கென்றே சவ்வு விற்கிறார்கள். பறவைப் பெட்டி ஏற்கெனவே திறந்து பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. அனுப்புவதற்குச் சிறகன் சொன்ன அனுமதி விஷயத்தை முதலில் பாருங்கள். உங்கள் பெட்டிக்கு 100 வயது ஆகியிருக்காவிட்டால் 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே வராது. வயது தாண்டிய பெட்டி வைத்திருக்கிறவர்கள் அந்தச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

#14 யூரா (பேர்ண், சுவிஸ்)

இங்க செந்-குருவா எண்டு ஒரு ஊர் இருக்கு, மியூசிக் பாக்ஸுக்குப் பேர்போன இடம். ரூஜ் நிறுவனம் அங்கதான். பாரிஸ் போன்தெம் பட்டறையை 1960-இல வாங்கினது அவைதான். இப்பவும் பறவைப் பெட்டி செய்யினம். இயந்திரக் கலைக்கெண்டு ஒரு அருங்காட்சியகமும் அங்க இருக்கு. தனியாய்த் திருத்துற ஆக்களும் அந்தப் பக்கம் இருக்கினம். நீங்கள் அனுப்புறதெண்டு முடிவெடுத்தால் எனக்கு இதில எழுதுங்கோ, நேரில போய் விசாரிச்சுச் சொல்லுறன். அனுமதிக் கடிதம் இல்லாமல் மட்டும் தபாலில போடாதேங்கோ. இந்தப் பக்கத்துச் சுங்கத்திலயும் இறகெண்டால் கேள்வி வரும்.

#15 சிறகன் (கோயம்புத்தூர்)

இறகின் படம் ஒன்று, பகல் வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்துப் போடுங்கள் சுருள்வில். பார்க்கும் கோணம் மாற மாற நிறம் மாறுகிறதா என்று தெரிந்தால் சாயமா, ஹம்மிங்பேர்டா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொன்று: இறகையும் சவ்வையும் பூச்சி அரிக்கும் என்று நினைத்து அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். அதன் ஆவி மற்றப் பொருள்கள் மேல் படியும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் இல்லாத அலமாரியில் வைத்து மாதம் ஒரு தரம் திறந்து பார்த்தாலே போதும்.

#16 கமகம் (பெங்களூரு)

திருத்தி வந்ததும் முதல் ஓட்டத்தை நல்ல மைக்கில் பதிவு செய்யுங்கள், கைபேசி வேண்டாம். அது ஒலியைச் சுருக்கிவிடும். பதிவை அனுப்பினால் நான் சுரப்படுத்தித் தருகிறேன். கேம் படங்களோடு வைத்துப் பார்த்தால், எந்த மேடு எந்தப் பிருகா (வேகமான சுரக்கோவை) என்று பொருத்திவிடலாம். அந்தக் குருவியின் பாட்டுக்கு இரண்டாவது பிரதி ஒன்று இருக்கட்டும்.

#17 பழம்பொறி (சென்னை)

அருமையான யோசனை. சுருள்வில், பெட்டி கிளம்பும் வரை நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இனி சாவி கொடுக்க வேண்டாம். மிச்சம் இருக்கும் முறுக்கைப் படம்பிடிப்பதற்கு ஓட்டித் தீர்த்துவிடுங்கள். முழு முறுக்கோடு கழற்றினால் சக்கரப் பற்கள் போகும், கையும் கிழியும். ஓட்டும்போது குருவி பாதியில் நின்றுவிட்டால் விரலால் அமுக்கிப் படுக்க வைக்கவே கூடாது, கழுத்தடி நெம்புகோல் வளைந்துவிடும். விசையை மறுபடி மெதுவாகத் தள்ளுங்கள், தானே சுற்றை முடித்துப் படுக்கும். அதற்கும் மசியாவிட்டால் மூடி திறந்தபடியே மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். சாவியைப் பெட்டியோடு அனுப்பாதீர்கள், அதைப் படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டெழுத்துச் சாவி தொலைந்தால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.